இப்போ தெரியுதா?

ரென்சோ பல்தாக்கியின் கன்னத்தில் ஒரு மச்சம் உண்டென்று
நாற்பத்தாறு வயதில்தான் எனக்குத் தெரிந்தது.
துரெஸில், எங்கள் வீட்டுப் பெட்டிக்குள்,
அவர்மேல் எப்போதும் வெள்ளைப் புள்ளி கொட்டிக்கொண்டே இருக்கும்.
நேப்பிள்ஸில் ஆகஸ்ட் மாதம், எல்லோருக்கும் வியர்க்கிறது,
எங்களுக்கு மட்டும் அங்கே பனி.

கடலுக்கு அந்தப் பக்கம் இத்தாலி.
பார்க்கக் கூடாது.
பியர் டப்பாவை வெட்டி
ரேடியோக்கடை திமோ பற்றவைத்துக் கொடுத்த சின்னச் சாமான்,
அதைக் கம்பத்தில் கட்டினால்
வியாழன் எட்டரைக்கு டாக்டர் வருவார்.
கட்டியபடியே விட்டுவைக்க முடியாது. விடிந்தால் தெரு பார்க்கும்.
அதனால் என் தம்பி பார்தில்.

பதினோரு வயது. அப்பாவின் கோட்டு.
மொட்டைமாடியில் நின்று அடுப்புப் புகைக்குழாய்க்குள் கிசுகிசுப்பான்:
"இப்போ தெரியுதா?"
நான் கீழே குழாயில் வாயை வைத்து,
"இடப்பக்கம். இன்னும் கொஞ்சம். ஐயோ, போச்சு.
வந்துட்டார் வந்துட்டார், அசையாதே."
அசைய மாட்டான்.
ஐம்பது நிமிடம் அசைய மாட்டான்.

அம்மாவுக்கு டாக்டரைப் பிடிக்காது, விரலில் மோதிரம் அதிகம் என்பாள்.
மருந்துக்கடைக் கிழவராக வருவாரே ஒருவர்,
பெயர் படிப்பதற்குள் மேலே ஓடிவிடும்,
அவருக்கு அம்மா வைத்த பெயர் "நம்ம ஆள்".
நான் டாக்டரிடம்தான் இத்தாலிய மொழி கற்றேன்.
இன்றும் ரொட்டிக்கடையில் என் வாயில் அவர் வந்துவிடுகிறார்:
"கவலைப்படாதீர்கள் அம்மணி, முதலில் உட்காருங்கள்."

கீழ்வீட்டு ஜெவாஹிரே கட்டடத்தின் கண்.
யார் வந்தார், யார் எதற்குச் சிரித்தார், எல்லாம் அவள் நோட்டில்.
ஒரு வெள்ளிக்கிழமை கதவைத் தட்டினாள்.
மாவு பிசைந்த கை அப்படியே நின்றது அம்மாவுக்கு.
உள்ளே வந்து, கதவைச் சாத்தி, குரலைத் தாழ்த்தி,
"நேத்து எங்க வீட்டுல பாதியில போயிடுச்சு.
அந்தப் பாவி அவளைக் கட்டிக்கிட்டானா இல்லையா?"

இப்போது பாரி நகரம்.
எனக்குப் பள்ளிக்கூடச் சமையலறை,
பார்திலுக்குத் துறைமுகத்தில் ஃபோர்க்லிஃப்ட், முட்டிவலி.
மத்தியானத்தில், தூக்கம் வராத கிழவர்களுக்காக,
அந்தத் தொடரை மறுபடி போடுகிறார்கள்.
போன் செய்தேன். சாப்பிட்டுக்கொண்டிருந்த தட்டோடு வந்தான்.

மச்சம் வரைக்கும் தெளிவாக.
"இவரா? இவ்வளவு குள்ளமா?"
கொஞ்ச நேரம் பார்த்தான்.
"இவர்தான் செத்துப்போயிட்டாரே."
யார்?
"டாக்டர். கடல்ல. அன்னிக்கு நீங்கல்லாம் அலறினீங்களே,
அம்மா போச்சே போச்சேன்னு."

அது பெட்டியில் வால்வு வெடித்த இரவு.
மூன்று வாரம் பெட்டி ஊமை.
மூன்று வாரம் அவனை யாரும் மாடிக்கு அனுப்பவில்லை.
துக்கம் காக்கிறோம் என்று நினைத்திருக்கிறான்.
பிறகு கூப்பிட்டபோது, சரி, வேறு கதை போலும் என்று
கம்பத்தை எடுத்துக்கொண்டு ஏறியிருக்கிறான்.
எங்கள் கத்தலை வைத்தே
முழுத் தொடரையும் பார்த்தவன்.

"ஏன் கடல்ல?"
"அங்கே நின்னா கடல்தானே தெரியும்.
ஒரு படகு விளக்கு இருந்துச்சு. நீங்க கத்தினதும் அணைஞ்சுது."

சத்தத்தை முழுக்கக் குறைத்தேன்.
திரையில் ரென்சோ பல்தாக்கி
யாரையோ உட்காரச் சொல்லி வாயசைக்கிறார்.
"அப்புறம் அவ என்ன பண்ணினா?" என்றேன்.

தட்டைத் தரையில் வைத்தான். வாயைத் துடைத்துக்கொண்டான்.
"அப்படிப் பாதியில சொல்ல வராது," என்றான்.
"முதல்ல காத்து.
மேற்கிலேருந்து காத்து."